பழனியாண்டி கிணற்றுக்கு ஒரு பச்சைப் புள்ளி

— பொய் சொல்லாத சுமித்திரா. ஆமை எப்பிடியடி கிணத்தால ஏறிப் போகும்? இறக்கை முளைச்சதோ?

— ஏறிப் போச்சுன்னு நான் எங்கடி சொன்னேன்? கெணறு எறைக்கையில எங்க வீட்டுக்காரரு புடிச்சுக் கொளத்துல விட்டுட்டாரு. பாவம், எத்தன காலந்தான் அந்த வட்டத்துக்குள்ளயே சுத்தும்?

— உன்ர மனுசன் ஜனகனுக்கு இரக்கம் கூடிப்போச்சு. அதுக்கு நாங்கள் வச்ச பேர் ஞாபகம் இருக்கோ?

— மறக்குமா கௌசலா? அதிபரு! நம்ம பள்ளிக்கூடத்து அதிபரு மாதிரியே கழுத்த நீட்டி நீட்டிப் பாக்குமே.

— ஓமடி! வாளி விட முதல் "அதிபர், தள்ளி நில்லுங்கோ" எண்டு கத்திப்போட்டுத்தான் விடுறது. ஒருநாள் உண்மையான அதிபர் தண்ணி குடிக்க வந்து பின்னால நிண்டு கேட்டிட்டார்.

— எனக்குத்தான் அடி விழுந்துச்சு. பேரு வச்சவ நீ, அடி வாங்குனவ நான்.

— அதுக்குத்தான் இப்ப வந்து நிக்கிறன், வட்டியோட குடுக்கிறதெண்டா குடு. பத்து வயசில போனனான், இப்ப நாப்பது தட்டுது. உன்னைக் கண்டதும் அடையாளம் தெரியேல்ல, ஆனா சிரிச்ச உடன பிடிச்சிட்டன்.

— நான் உன்ன நடையிலயே புடிச்சேன். வண்டிய விட்டு எறங்கி வரையில, கொக்கு மாதிரி காலத் தூக்கித் தூக்கி வச்ச பாரு, அப்பவே தெரியும் இது மாஸ்டரு மகதான்னு. இந்தா, பால் இல்ல, சாயத்தண்ணிதான், குடி. சீனி கையில வச்சு நக்கிக் குடிப்பியா, இல்ல பெரிய படிப்பு படிச்சவங்களுக்குக் கலக்கிக் குடுக்கணுமா?

— கையில போடடி. ... கடவுளே.

— என்னா, சூடா?

— சூடில்லை. சுமி, இந்த ருசி. இதேதான். கண்ணைக் கட்டிப்போட்டுத் தந்தாலும் சொல்லுவன், இது பழனியாண்டியர் கிணத்துத் தண்ணி எண்டு. அப்பிடியே இருக்கு. ஒரு சொட்டு மாறேல்ல.

— அட போ புள்ள. சாயத்தண்ணிக்குப் போயி.

— பகிடி இல்லை. யாழ்ப்பாணத்தில பத்து வகைத் தண்ணி குடிச்சுப் போட்டன். ஒண்டு உவர், ஒண்டு சுண்ணாம்பு. கம்பஸ் விடுதியில இருந்த காலத்தில பிளேன்ரீ குடிக்கிற ஒவ்வொரு முறையும் உங்கட வீடு ஞாபகம் வரும்.

— சரி சரி, ஆறுறதுக்கு முன்னாடி குடி. வண்டி எப்ப வரும்?

— நெடுங்கேணிக்கு ரயர் ஒட்டப் போயிட்டுது. எங்கட கருவிப் பெட்டியும் அதுக்குள்ளதான். ரயர் காத்துப் போனதும் நல்லதுக்குத்தான், இல்லாட்டி நிலக்கரி யாட்டைப் பாத்தமோ போனமோ எண்டு இருந்திருக்கும்.

— ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நீ என்னா வேலையா வந்திருக்க? கரி யாட்டுல எல்லாருக்கும் ஒரே பேச்சு, யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு மிஸ் வந்திருக்கா, யாட்ட மூடப் போறான்னு.

— மூடுறதுக்கு நான் ஆர்? நான் அளக்க வந்தனான். திருகோணமலையில இருந்து லொறியில நிலக்கரி வருது. இங்க கழுவி, கல்லு மண் பிரிச்சு, சூளையளுக்கும் தேயிலை ஃபக்டரியளுக்கும் போகுது. கரி சுத்தமாப் போகுது. கழுவின தண்ணி எங்க போகுது, தூசு எங்க படியுது, அதை ஒருத்தரும் பாக்கேல்ல. வன்னியில இப்பிடி நாலு யாட் இருக்கு. அதில ரெண்டைத் தெரிவு செய்து மூண்டு வருசம் அளக்கப்போறம்.

— அந்த ரெண்டுல இது ஒண்ணா?

— ஓம், இது தெரிவாயிட்டுது. இண்டைக்கு வந்தது கிணறு தெரிவு செய்ய. ஒவ்வொரு யாட்டுக்கும் ரெண்டு வகைக் கிணறு வேணும். பழுதாப் போச்செண்டு நினைக்கிற இடத்தில சிவப்புப் புள்ளி. யாட் தொடாத இடத்தில பச்சைப் புள்ளி. பார், என்ர போனில படம் இருக்கு.

— செவப்பு யாருக்கெல்லாம் போட்ட?

— பள்ளத்துப் பக்கம் நாலு வீடு. அமராவதி அக்காவிட கிணறும் அதில. அவாவிட பேரப்பிள்ளையைப் பாத்தியோ? கையெல்லாம் சொறி. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவா, தங்கச்சி, இதுக்கு ஒரு முடிவு காணுங்கோ எண்டு.

— தெரியும். அந்தப் புள்ள ராவெல்லாம் அழுகும். ஆமா, கெட்ட தண்ணிய அளக்குறதுக்கு நல்ல தண்ணி என்னாத்துக்கு?

— ஊத்தைச் சீலையை மட்டும் பாத்தா அதின்ர நிறமே அதுதான் எண்டு நினைப்பாய். பக்கத்தில வெள்ளைச் சீலை ஒண்டு விரிச்சாத்தானே எவ்வளவு ஊத்தை எண்டு தெரியும்?

— வெள்ளைன்னு நெனச்சு விரிச்சது வெள்ளை இல்லாட்டி?

— நல்ல கேள்வி கேட்டாய். அப்ப ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் இல்லை, யாட்டால ஒரு கெடுதலும் இல்லை எண்டு முடிவு வரும். அமராவதி அக்காவிட பேரன் சொறிஞ்சுகொண்டே இருப்பான். பிறகு ஒரு நாயும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது.

— நடுவுல மாத்த ஏலாதா?

— ஏலாது. இண்டைக்குப் பின்னேரம் எங்கட ஆராய்ச்சிக் குழுவின்ர கூட்டம். அதுக்கு முதல் நான் சொல்லுற இடம்தான் மூண்டு வருசத்துக்கும். ... உன்ர போன் அடிக்குது.

— அவருதான். இரு. ... சொல்லுங்க... ஆமா, நம்ம வீட்டுலதான் இருக்காங்க... ஆமா, அந்தக் கௌசலாதான்... இல்ல... இல்லங்குறேன்ல... சரி, வைங்க.

— என்னவாம் ஜனகன்?

— மத்தியானத்துக்கு என்னா கறின்னு கேட்டாரு.

— கறிக்கே இந்தக் கோவம்? பாவம் மனுசன். யாட்டில என்ன வேலை அவருக்கு?

— டிராக்டரு ஓட்டுறாரு. கரிச்சேத்த ஏத்திக்கிட்டுப் போயிக் கொட்டணும்.

— மனேச்சர் சொன்னவர், யாட்டுக்குள்ளேயே றப்பர் விரிச்ச குழி இருக்கு, அதுக்குள்ளதான் எல்லாம் எண்டு.

— மனேச்சரு சொன்னா சரிதான். இவரு டைவரு, கொட்டுன்னா கொட்டுவாரு.

— உங்களுக்குச் சம்பளம் ஒழுங்கா வருதோ?

— அதுல கொற சொல்ல ஏலாது. மூத்தவ ஓயெல் பரீட்சை எழுதுறா. வீட்டுக்குத் தகரச் சீட்டு மாத்தி ஓடு போட்டது இந்த யாட்டு வந்துதான். இத மூடுனா மறுபடி கூலி வேலைக்குத்தான் அலையணும்.

— நான் மூட வரேல்லயடி. சேத்தையும் தண்ணியையும் ஒழுங்கா விடுங்கோ எண்டு சொல்ல ஒரு ஆதாரம் வேணும், அவ்வளவுதான். அதை விடு. நான் இந்தக் கதிரையில இருந்து எதைப் பாக்கிறன் சொல்லு?

— என்னாத்த?

— அந்த வேப்பமரத்தடி. எங்கட கொட்டில் அதிலதானே போட்டது? சண்டைக்குள்ள கிளிநொச்சியால வெளிக்கிட்டு, சைக்கிள்ல பாயும் சட்டியும் கட்டிக்கொண்டு, எங்க போறதெண்டு தெரியாம ரோட்டில நிக்க, உன்ர அம்மா வடிவம்மா மாமிதான் வந்து கையைப் பிடிச்சவா. "பொம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கலாமா, வாங்க" எண்டு.

— ஒங்கப்பா வரமாட்டேன்னு நின்னாரே.

— அதையும் மறக்கேல்லையோ நீ?

— எப்பிடி மறக்குறது? எங்க கெணத்துல தண்ணி அள்ளலையே அவரு. சைக்கிள எடுத்துக்கிட்டு எவ்வளவு தூரம் போயி, அந்த உப்புக் கெணத்துத் தண்ணியக் கொண்டாந்து குடிச்சாரு. எங்கப்பா அதப் பாத்துக்கிட்டே நிப்பாரு, ஒண்ணும் சொல்லமாட்டாரு.

— வெக்கமா இருக்கு சுமி. இப்பவும் நினைச்சா வெக்கமா இருக்கு.

— உன்னச் சொல்லல. அப்ப எல்லாரும் அப்பிடித்தான். தோட்டக்காட்டான் தோட்டக்காட்டான்னு. கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்து லயத்த விட்டு ஓடியாந்து, இந்தக் காட்ட வெட்டி, எங்கப்பா கடப்பாறையால தோண்டுன கெணறு. எங்கம்மா தலையில மண்ணு சுமந்தா, வயித்துல நான். தண்ணி வந்தப்ப எங்கப்பா அழுதாராம். ஆனா ஊருல ஒருத்தரும் வந்து ஒரு வாளி அள்ளல.

— பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்திட்டு.

— ஆமா. வாய் ஒலந்து போயி மனுசன் தண்ணி தண்ணின்னு கெடக்குறாரு. எங்கப்பாதான் செம்புல கொண்டு போனாரு. பயந்து பயந்து. வாங்குவாரோ தட்டி விட்டுருவாரோன்னு.

— செம்பு முழுக்கக் குடிச்சார். நான் பக்கத்தில இருந்தனான். குடிச்சிட்டு, உன்ர அப்பாவிட கையை விடேல்ல. "பழனியாண்டி, இது தண்ணி இல்லை, தேன்" எண்டார்.

— அந்த ஒரு சொல்லு! சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி எங்கள அறுத்துட்டாரு எங்கப்பா. யாரு வந்தாலும், "கிளிநொச்சி மாஸ்டரு எங்க கெணத்தத் தேன்னு சொன்னாரு தெரியுமா?" அதுக்கப்புறந்தானே ஊரே கொடத்தத் தூக்கிட்டு வந்துச்சு. பொம்பளைங்க வரிசையில நிப்பாங்க. எங்கம்மா அப்பத்தான் மொதமொதல்ல தல நிமிந்து நடந்தா.

— நாங்கள் இங்க இருந்து வெளிக்கிட்ட அண்டைக்கு வடிவம்மா மாமி தண்ணி தந்து விட்டவா, ஞாபகம் இருக்கோ? வேற போத்தல் கிடைக்கேல்ல எண்டு சாராயப் போத்தல்ல!

— ஐயோ ஆமா! வாய்க்குச் சீலைத் துண்டச் சுருட்டி வச்சு!

— அப்பா சுருட்டுக்கூடக் குடிக்காத மனுசன். சாராயப் போத்தலைக் கக்கத்தில வச்சுக்கொண்டு சனத்துக்கு முன்னால நடக்கிறார். வழியில தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பாத்திட்டு, "மாஸ்டர், உங்களுக்குமே இந்த நிலைமை" எண்டாரே பார். அம்மா சிரிச்சவா. அந்தப் பயணத்தில அம்மா சிரிச்சது அந்த ஒருக்காத்தான்.

— ஒங்கம்மா, மாமி இப்ப எப்பிடி இருக்காங்க? நான் கேக்கவே இல்ல பாரு.

— படுக்கைதான். கிளிநொச்சியில தம்பியோட. என்னையும் சில நேரம் தெரியுது, சில நேரம் தெரியேல்ல. பிறகு சொல்லுறன். முதல் எழும்பு, கிணத்தடிக்குப் போவம். நான் ஒரு வாளி அள்ளிக் காலில ஊத்த வேணும்.

— வேணாம் வேணாம்! இருடி.

— ஏனடி?

— காலயில அங்க பாம்பு கெடந்துச்சு. உங்க பேச்சுல புடையன். வாழைக்கு அந்தாண்ட போயிருச்சு, ஆனா எங்கயாச்சும் சுருண்டு கெடக்கும். நீதான் மண்புழுவக் கண்டாலே என் முதுகுல ஏறுறவ.

— அது உண்மைதான். அப்ப மோட்டரைப் போடன், பைப்பால கொஞ்சம் பிடிப்பம்.

— மோட்டரு எரிஞ்சு போச்சு. சுத்தக் குடுத்திருக்கு.

— சரி, தண்ணியை இங்க இருந்தே கும்பிடுறன். சுமி, நான் யோசிச்சது என்னெண்டா, பச்சைப் புள்ளிக்கு உங்கட கிணறுதான் சரி.

— எங்க கெணறா?

— பின்ன? வீடு மேட்டில. யாட் பள்ளத்தில. தண்ணி மேட்டுக்கு ஏறாது. இப்ப வீட்டுக்கு வீடு கிணறு எண்டாலும் ஊர்ச்சனம் எல்லாம் சொல்லுகினம், பழனியாண்டியர் கிணறு தங்கம் எண்டு. போதாததுக்கு இந்தா, நானே குடிச்சிட்டன்.

— குடிச்சுப் பாத்துத்தான் அளப்பீங்களா நீங்க?

— பிடிச்சிட்டாய். கம்பஸில நான் படிப்பிக்கிற பிள்ளையளுக்கு முதல் பாடமே அதுதான், நாக்கை நம்பாதேங்கோ, கருவியை நம்புங்கோ எண்டு. ஆனா இந்தத் தண்ணியில என்ர நாக்குப் பிழைக்காது. வேற எந்தத் தண்ணியில பிழைச்சாலும் இதில பிழைக்காது.

— வேற வீடு பாரேன் கௌசலா. பள்ளிக்கூடத்துக் கெணறு இருக்கு. அங்க நல்ல தண்ணி.

— அது றோட்டுக்கரை, லொறித்தூசு பறக்கும். உனக்கென்ன, ஆக்கள் வந்து போறது கரைச்சலோ? மாதம் ஒருக்காத்தான் வருவினம். ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போயிடுவினம். ஒரு சாயத்தண்ணி குடுத்தாக் காணும்.

— அதுக்கில்ல.

— இன்னொண்டு கேள். கிணத்துக்கு இலக்கம்தான் போடுறது. நான் பேர் போடப்போறன். "பழனியாண்டி கிணறு". அப்பிடியே எழுதி வரும். வெளிநாட்டில இருக்கிறவனும் வாசிப்பான், வன்னியில சுத்தமான தண்ணிக்கு அடையாளம் பழனியாண்டி கிணறு எண்டு.

— எங்கப்பா பேரா?

— உன்ர அப்பாவிட பேர்தான்.

— புஸ்தகத்துல வருமா?

— வரும். கைநாட்டு வச்ச மனுசன்ர பேர் கம்பஸ் லைப்ரரியில இருக்கும். ஏன் அழுறாய்? அடியே!

— அழுகல. அடுப்புப் பொகை.

— அடுப்பு நூந்து எவ்வளவு நேரம். எனக்கும் அழுகை வருது. நாங்கள் குடிச்ச தண்ணிக்கு நாங்கள் என்ன திருப்பிக் குடுத்தனாங்கள்? அப்பா ஒரு கடிதம்கூடப் போடேல்ல. இதையாவது செய்யிறன், விடு. ... இந்தா, வாகனத்தோட போன எங்கட பெடியன் நிருஷன் போன் எடுக்கிறான். ஹலோ, நிருஷன்? ஓம்... ரயர் ஒட்டியாச்சோ? நல்லது... பெட்டியோ? இல்லை, இறக்க வேண்டாம். இங்க அளந்து பாக்கத் தேவையில்லை, நான் பாத்திட்டன். பச்சைக்கு இடம் சரி... ஓம், மேட்டு வீடு. பேர் எழுதும்: பழனியாண்டி கிணறு... ஓம், என்ர பேரிலதான் போகுது, நான் பொறுப்பு. இப்பவே அனுப்பிவிடும். பிறகு வந்து என்னை ஏத்தும்.

— அனுப்பிட்டானா?

— அனுப்பியிருப்பான். பின்னேரம் கூட்டத்தில ஓம் எண்டு தலையாட்டினா முடிஞ்சுது.

— கூட்டம் வரைக்கும் மாத்தலாமா?

— மாத்தலாம். ஆனா ஏன் மாத்துவான்? உனக்கு என்னடி, முகம் இப்பிடி வெளிறிப் போச்சு?

— ஒண்ணுமில்ல. காலயில இருந்து சாப்புடல.

— அப்ப சாப்பிடு. வாகனம் வாறதுக்குள்ள எனக்கு ஒரு உதவி செய். இந்தப் போத்தலைக் கொண்டு வந்தனான். சாராயப் போத்தல் இல்லை, பயப்பிடாத, சோடாப் போத்தல்.

— என்னாத்துக்கு?

— அம்மாவுக்கு. அவா இப்ப ஒண்டும் விழுங்கிறதில்லை. டொக்டர் வீட்டில வச்சுப் பாருங்கோ எண்டிட்டார். ஒரு கிழமையா ஒரே சொல்லுத்தான், "பழனியாண்டியர் கிணத்துத் தண்ணி". தம்பி வேற தண்ணியைக் குடுத்து அதுதான் எண்டு சொல்லிப் பாத்தான். துப்பிப்போட்டா. அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்ல, பிள்ளையளைக் கேக்கேல்ல. இந்தக் கிணத்தைத்தான் கேக்கிறா. உண்மையைச் சொன்னா, யாட் பாக்கிற வேலை வேற ஆளுக்குப் போக இருந்தது. இதுக்காகத்தான் நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான்.

— இத ஏன்டி மொதல்லயே சொல்லல?

— சொன்னா அழுதிடுவன் எண்டுதான். உன்னோட கொஞ்சம் சிரிக்க வேணும் போல இருந்தது.

— குடு போத்தல. குசினியில கொடம் இருக்கு, அதுல ஊத்தித் தாறேன்.

— குடத்துத் தண்ணி வேண்டாம் சுமி. இப்ப அள்ளின புதுத் தண்ணி வேணும். அம்மா கடைசியாக் குடிக்கிற தண்ணியா இருக்கலாம். நானே அள்ளுறன். வாளி எங்க?

— கொடத்துலயும் நல்ல தண்ணிதான். கேளுடி, அதுவே போதும்.

— இல்லை, புடையன் கிடந்தாக் கிடக்கட்டும். அண்டைக்கு வடிவம்மா மாமி அள்ளி ஊத்தித் தந்த மாதிரி, இண்டைக்கு நான் அள்ளிக்கொண்டு போய் அம்மாவிட வாயில விட வேணும். தள்ளு, வழி விடு. என்ன, கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? கப்பியில கயிறும் இல்லை. கிணத்துக்குத் தகரம் போட்டு மூடி, மேல கல்லு வேற வச்சிருக்கு. சுமி, இது என்ன?

— நில்லு கௌசி, அதத் தொறக்காத. அந்தத் தண்ணிய மாமி வாயில ஊத்திறாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும். யாட்டுக் கரிச்சேத்த இவருதான் ராவுல ஏத்திக்கிட்டுப் போயி நம்ம வீட்டுக்கு மேல கிரவல் மண்ணு தோண்டுன பள்ளத்துல கொட்டுறாரு. ரெண்டு மழைக்கு அப்புறம் நாங்க கெணத்துத் தண்ணியில காலுகூடக் கழுவுறதில்ல, ஆமை அதிபரு செத்து மெதந்துச்சு. அந்தப் பையனக் கூப்புட்டு, எங்கப்பா பேருக்குச் செவப்ப வைக்கச் சொல்லு. நீ தேன்னு குடிச்சது, நெடுங்கேணிக் கடையில கேன்ல வாங்குன தண்ணி.